மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார்



நம் சங்கத்தின் பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்களிடம், அரசாங்க உத்தியோகத்தில் ஒதுக்கீடு எப்பொழுது தோன்றியது என்று வினவினால், பெரும்பாலோர் 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பைக் காட்டுகின்றனர். அதற்கு 29 ஆண்டுகள் முன்னரே, நாம் குடியிருக்கும் இம்மைசூர் நாட்டில், உத்தியோகங்கள் ஒரு வகுப்பாருக்கே உரியன அல்ல என்று ஓர் அரசாணை பிறந்ததை அறிந்தோர் சிலரே. அவ்வாணைக்குக் காரணராயிருந்த மன்னரின் சரிதத்தை இங்குச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

அம்மன்னர் பௌத்தர் அல்லர். சாமுண்டீசுவரியைக் குலதெய்வமாகக் கொண்ட மரபில் வந்தவர். தம் சமய அனுஷ்டானங்களில் ஆழ்ந்த பற்றுடையவர். காசி இந்து சர்வகலாசாலையின் முதல் வேந்தராக வீற்றிருந்தவர். அத்தகையவரின் வாழ்க்கையைப் பௌத்த ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவரைப் பிறப்பால் அளவாது செய்கையால் அளத்தல் வேண்டும் என்பது பகவன் காட்டிய நெறி. நன்மை செய்தவர் எச்சமயத்தவராயினும் அந்நன்றியை மறவாதிருத்தல் உபாசகர்க்குரிய குணம். அன்றியும், அவர் திறந்த வழி எதுவரை சென்றது, எங்கே நின்றுவிட்டது என்பதை அறிந்தாலன்றி, இன்றைய நம் பிள்ளைகள் தம் உரிமையைச் சரிவர அறிந்துகொள்ளமாட்டார்கள்.

பிறப்பும் இளமையும்

கன்னடத்தில் நால்வடி என்பது நான்காம் என்று பொருள்படும். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1884ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள் மைசூர் அரண்மனையில் பிறந்தார். தந்தையார் பத்தாம் சாமராஜேந்திர உடையார். தாயார் கெம்பநஞ்சம்மணி என்னும் வாணிவிலாச மகாராணியார். ஆங்கிலேயர் ஐம்பதாண்டுக் காலம் தம் கையில் வைத்திருந்த மைசூர் ஆட்சி, 1881இல்தான் இத்தந்தையாரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டிருந்தது.

1894ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தா சென்றிருந்த சாமராஜேந்திரர் அங்கே தொண்டை அடைப்பான் நோயால் உயிர்நீத்தார். மூத்த மைந்தருக்கு அப்பொழுது வயது பத்து. 1895 பிப்ரவரி 1ஆம் நாள் அச்சிறுவர் அரியணையில் அமர்த்தப்பட்டார். அவர் வயது வரும்வரை, விதவையாகிய தாயார் ஆட்சிப் பொறுப்பை ஏற்று 1902 வரை திறம்பட நடத்தினார். பெண்ணரசு தளரும் என்று எண்ணியோர் ஏமாற்றமுற்றனர்.

இளவரசருக்கு ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கில அதிகாரி ஆசானாயிருந்தார். நூற்கல்வியோடு நாட்டுச் சுற்றுப்பயணமும் கணக்கும் நிர்வாகமும் கற்பிக்கப்பட்டன. வீணை முதலிய வாத்தியங்களிலும் மன்னர் தேர்ச்சி பெற்றார். 1900ஆம் ஆண்டு கத்தியவார் நாட்டுப் பிரதாபகுமாரி தேவியாரை மணந்தார். மக்கட்பேறு வாய்க்கவில்லை. 1902 ஆகஸ்ட் 8ஆம் நாள், 18 வயதில், வைஸ்ராய் கர்சன் பிரபுவின் முன்னிலையில் முழு ஆட்சியுரிமை பெற்றார்.

செழித்த நாடும் சேராத குடிகளும்

அவ்வாண்டிலேயே சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியினின்று பெற்ற மின்சாரம், 90 மைலுக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலைச் சென்றடைந்தது. அச்சுரங்கங்களில் இறங்கியவர்களுள் மிகப் பலர் வடஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து குடிபெயர்ந்த நம் முன்னோர். அவர்கள் குடியிருந்த மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் பண்டிதர் அயோத்திதாசரின் தொடர்பால் சாக்கைய பௌத்த சங்கக் கிளைகள் எழுந்தன. ஆதலின் நம் சமய வரலாற்றின் ஒரு பகுதி இம்மன்னர் ஆண்ட மண்ணிலேயே நடந்ததாகும்.

மன்னரின் ஆட்சியில் நாடு பலவகையிலும் செழித்தது. 1905இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. 1909இல் இந்திய விஞ்ஞானக் கழகம் தோன்றுவதற்கு அரசு நிலம் வழங்கிற்று. கன்னம்பாடி அணை 1911இல் தொடங்கப்பெற்றது. 1913இல் மைசூர் வங்கியும், கட்டாய ஆரம்பக் கல்விச் சட்டமும், 1916இல் மைசூர் சர்வகலாசாலையும் உண்டாயின. காந்தியார் இம்மன்னரை ராஜரிஷி எனப் போற்றியது யாவரும் அறிந்ததே.

ஆயினும் அச்செழிப்பை நடத்திய உத்தியோகஸ்தர் யாவர் எனப் பார்ப்போமாயின் வேறொரு காட்சி தோன்றும். 1881 முதல் 1918 வரை திவான் பதவியில் அமர்ந்த ரங்காசார்லு, சேஷாத்திரி ஐயர், கிருஷ்ணமூர்த்தி, மாதவராவ், ஆனந்தராவ், விசுவேசுவரய்யா ஆகிய அறுவரும் பிராமண வகுப்பினர். ஜனத்தொகையில் நூற்றுக்கு நால்வரும் இல்லாத அவ்வகுப்பார், கெஜட்டில் பெயர் வெளியாகும் உயர்தர உத்தியோகங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை வகித்தனர். கீழ்தரக் குமாஸ்தா வேலைகளிலும் அவர்களே மிகுந்திருந்தனர்.

இது எவ்வாறு நேர்ந்தது? உத்தியோகத்திற்கு ஆங்கிலக் கல்வி தேவை; ஆங்கிலக் கல்வி பட்டணங்களில் மட்டும் கிடைத்தது; அங்கே முதலிற் சென்று கற்றவர் அவ்வகுப்பாரே. 1890களில் உயர் உத்தியோகங்களுக்குப் போட்டிப் பரீட்சை தொடங்கியபொழுது, அது யாவர்க்கும் பொதுவென்றே அறிவிக்கப்பட்டது. ஆனால் கல்விச்சாலையின் வாயிலில் நிற்கவும் விடப்படாத பிள்ளை, பரீட்சை மண்டபத்தின் வாயிலை எங்ஙனம் காண்பான்? அக்காலத்தில் உத்தியோகத்தைப் பற்றி எழுந்த பெரும் பூசலும், சென்னையிலிருந்து வந்த பிராமணர்க்கும் மைசூர்ப் பிராமணர்க்கும் இடையே நிகழ்ந்ததேயாம். ஏனைய குடிகள் அப்பூசலில் கட்சிக்காரராகக்கூட எண்ணப்படவில்லை.

இம்மன்னர் காலத்தில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளைத் திறந்துவிடும் ஆணைகள் பிறந்தன. சில ஊர்களில் உயர்சாதியார் தம் பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்திக்கொண்டனர். எதிர்ப்பைக் கண்டு அரசு அக்கொள்கையைக் கைவிடவில்லை. மைசூர் நகரில் அப்பிள்ளைகள் தங்கிக் கற்பதற்கென உண்டுறை பள்ளியும் நடந்தது.

மனுவும் மில்லர் கமிட்டியும்

1917ஆம் ஆண்டு பிரஜாமித்திர மண்டலி என்னும் சங்கம் தோன்றிற்று. லிங்காயத்தர், ஒக்கலிகர், முஸ்லிம்கள் முதலிய பல வகுப்புத் தலைவர்களும் அதில் ஒன்றுகூடினர். கல்வி அதிகாரியாயிருந்த சி.ஆர். ரெட்டி அவர்கட்கு ஊக்கமளித்தார். அவர்கள் 1918இல் மகாராஜாவை நேரிற்கண்டு, உத்தியோகங்களில் தம் மக்களுக்கும் உரிய பங்கு வேண்டுமென மனுச் செய்துகொண்டனர்.

மன்னர் அம்மனுவைப் பெட்டியிலிட்டு மூடிவிடவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே, மைசூர்ப் பிரதம நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் அவர்களைத் தலைவராகக் கொண்டு ஒரு கமிட்டியை நியமித்தார். பிராமணரும் பிராமணரல்லாதாரும் அதில் உறுப்பினராயிருந்தனர்.

பின்தங்கிய வகுப்பு எது என்பதே முதற்கேள்வி. அதற்குக் கமிட்டி ஓர் அளவுகோலைக் கொண்டது. ஒரு வகுப்பாரில் ஆங்கிலம் எழுதப்படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஐவருக்குக் குறைவாயின் அவ்வகுப்பு பின்தங்கியதாகும். இந்தக் கோலால் அளந்தபொழுது நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் பின்தங்கியோராயினர்.

1919இல் கமிட்டி தன் அறிக்கையை அளித்தது. ஏழாண்டுகளுக்கு மேற்படாத காலத்திற்குள் உயர்தர உத்தியோகங்களில் பாதிக்குக் குறையாமலும், கீழ்தர உத்தியோகங்களில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாத வகுப்பாரிடம் இருத்தல் வேண்டும். தகுதி பெற்ற ஒடுக்கப்பட்ட வகுப்பார் கிடைப்பின் அவர்களுக்கு முதலிடம் தருதல் வேண்டும் என்பன அதன் சாரம்.

திவானும் மன்னரும்

அச்சமயம் திவானாயிருந்தவர் சர் எம். விசுவேசுவரய்யா. அணையும் ஆலையும் வங்கியும் சர்வகலாசாலையும் அவர் முயற்சியால் எழுந்தவை. கைந்நேர்மையில் அவரைக் குறைகூறுவார் எவருமிலர். அவர் இக்கொள்கையை ஏற்கவில்லை. கல்வியை எல்லோர்க்கும் பரப்புக. உத்தியோகத்தை மட்டும் திறமை ஒன்றைக் கொண்டே தருக. அளவு குறித்துப் பங்கிட்டால் நிர்வாகம் தளரும் என்பது அவர் கருத்து. இது தம் வகுப்பின் நலம் ஒன்றையே நாடிய கருத்து என்று நாம் எளிதிற் சொல்லிவிடலாகாது. நாட்டை விரைந்து முன்னேற்ற விழைந்தவர் ஒருவரின் உண்மையான அச்சம் அது.

மன்னர் பெரும் இக்கட்டில் நின்றார். ஒருபுறம் ஆறாண்டுகளில் மைசூரின் புகழை உலகறியச் செய்த திவான். மறுபுறம் கல்வியும் உத்தியோகமும் இல்லாத இலட்சக்கணக்கான குடிகள். திவானை இழந்தால் நாட்டிற்கு நட்டமென்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் கமிட்டியை அவர் கலைக்கவில்லை. 1918 டிசம்பரில் விசுவேசுவரய்யா பதவி துறந்தார். மன்னரின் தாய்மாமன் காந்தராஜ அரசு 1919இல் திவானானார். 1881க்குப் பின்னர் பிராமணரல்லாதார் ஒருவர் திவான் ஆனது அதுவே முதன்முறை.

இங்கே நாம் கருதத்தக்கதொரு செய்தியுண்டு. இருவரும் கருத்தால் வேறுபட்டனரேயன்றிப் பகைவராகவில்லை. 1923இல் பத்திராவதி இரும்பாலை நட்டத்தில் தத்தளித்தபொழுது அதனை நடத்தித் தரும் பொறுப்பை அதே விசுவேசுவரய்யாவிடமே அரசு ஒப்படைத்தது. அவரும் அதனை ஏற்றுச் சீராக்கினார். நீதியின் பொருட்டு ஒருவருடன் மாறுபடலாம்; அவரை வெறுக்க வேண்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆணை நடந்த விதம்

1921ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாணை வெளியாயிற்று. கமிட்டி கூறிய அளவுகளும் ஏழாண்டுத் தவணையும் கொள்கையாக ஏற்கப்பட்டன. ஒவ்வோர் இலாகாத் தலைவரும் தம் உறவினரையும் ஊராரையும் நியமித்துக்கொள்ளும் வழக்கத்தை அடக்கும்பொருட்டு, ஆள் சேர்ப்பதற்கென ஒரு மத்திய சபை அமைக்கப்பட்டது. பின்தங்கிய வகுப்பு மாணவர்க்கு உபகாரச் சம்பளமும் விடுதிகளும் பெருகின.

இத்தகைய முயற்சி இந்தியாவில் இதுவே முதலன்று. கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராஜர் 1902 ஜூலையிலேயே தம் நாட்டுக் காலியிடங்களில் பாதியைப் பின்தங்கியோர்க்கென ஒதுக்கினார். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசின் முதல் வகுப்புரிமை ஆணை 1921 செப்டம்பரில், அதாவது மைசூர் ஆணைக்கு நான்கு மாதம் பின்னர் வந்தது. பின்பு முத்தையா முதலியார் காலத்தில் அது செம்மையாக்கப்பட்டு, ஒவ்வொரு பன்னிரண்டு இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர்க்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்க்கு இரண்டு, ஒடுக்கப்பட்டோர்க்கு ஒன்று எனப் பங்கிடப்பட்டது.

இவ்விரு ஆணைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் நம்மவர்க்குப் பன்னிரண்டில் ஒன்று கிடைத்தது. அது சிறிதேயாயினும் எழுத்தில் நின்றது. வேறெவரும் அதை எடுத்துக்கொள்ள இயலாது. மைசூரிலோ ஒடுக்கப்பட்டோர்க்கு முதலிடம் என்று சொல்லப்பட்டதேயன்றி, இத்தனை இடம் என்று வரையறுக்கப்படவில்லை. லிங்காயத்தரும் ஒக்கலிகரும் முஸ்லிம்களும் ஆதிகர்னாடகரும் ஆதிதிராவிடரும் ஒரே பட்டியலில் பின்தங்கியோராக நின்றனர். ஒரே பந்தியில் அமரச் செய்தபின், முன்பே உண்டு வலுப்பெற்றவன் கை எட்டுவதுபோல் பட்டினி கிடந்தவன் கை எட்டுவதில்லை. நிலமும் செல்வாக்கும் பள்ளிப்படிப்பும் பெற்றிருந்த பெரிய வகுப்பாரே அவ்வாணையால் மிகுந்த பயனடைந்தனர். நம்மவர் கடைசியில் நின்றனர்.

மற்றொரு குறையும் உண்டு. கோயில்களில் நுழையும் உரிமை இம்மன்னர் காலத்தில் மைசூரில் வரவில்லை. அண்டை நாடாகிய திருவிதாங்கூர் 1936இல் அதனை அறிவித்தும், மைசூரில் அதற்கான சட்டம் 1948இல்தான் உண்டாயிற்று. மன்னரின் நன்மையைப் போற்றும் நாம் இவற்றை மறைத்தல் முறையன்று.

வாயிலும் படியும்

இனி, நியமனத்தைக் காட்டிலும் நுட்பமானதொரு பொருளைச் சொல்லவேண்டும். அது பதவி உயர்வு. இதை நூலிலிருந்து மட்டுமின்றி வாழ்க்கையிலிருந்தும் நாம் கற்றோம். சமயத் தொண்டிற்கு வருமுன் நாம் பல்லாண்டு ஒரு நூற்பாலையில் உழைத்தவராதலால் அதனைச் சொல்லலாம். நம்மவரை ஆலையினுள் எவரும் தடுக்கவில்லை. பஞ்சுத் தூசி பறக்கும் புளோரூமில் எமக்கு எப்பொழுதும் இடமிருந்தது. புதிதாய் வந்தவர்க்கு இயந்திரத்தைப் பழக்கித் தந்தவர் நாம். சில ஆண்டு சென்றபின் அவர் மேஸ்திரியாவார். நாம் அவரிடம் விடுப்புக் கேட்டு நிற்போம். அது தனியார் ஆலை. ஒதுக்கீட்டு விதி அங்கில்லை. எவரும் எம்மைப் பழித்ததில்லை. ஆனால் மேஸ்திரிப் பட்டியலில் எம் பெயர் ஒருநாளும் ஏறவில்லை. உள்ளே விடுதல் வேறு, மேலே ஏறவிடுதல் வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

இதற்கு மருந்து பகவனின் சங்கத்திலேயே உண்டு. சாக்கிய இளவரசர்களாகிய அனுருத்தர், ஆனந்தர் முதலியோர் துறவு பூணச் சென்றபொழுது அவர்களுடன் நாவிதராகிய உபாலியும் சென்றார். தம் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கே முதலில் துறவு அளித்தருள வேண்டுமென அவ்விளவரசர்களே விண்ணப்பித்தனர். பகவன் அவ்வாறே செய்தருளினார். சங்கத்தில் முதலில் துறவு பெற்றவரே மூத்தவர். பிந்தியவர் அவரை வணங்குதல் விதி. அரசகுமாரர் நாவிதரை வணங்கினர். அதனால் சங்கம் தளர்ந்ததா? அந்த உபாலியே வினயத்தில் தலைசிறந்தவராகி, பகவனின் பரிநிர்வாணத்திற்குப் பின் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கீதியில் வினயம் முழுவதையும் ஓதினார். திறமை கெடும் என்று அஞ்சுவோர்க்கு இச்சரிதமே விடையாகும்.

மன்னருக்குப் பின்

1940 மார்ச்சில் தம்பியாகிய யுவராஜர் நரசிம்மராஜரை இழந்த மன்னர், அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் பெங்களூர் அரண்மனையில் 56ஆம் வயதில் காலமானார். தம்பியின் மைந்தர் ஜெயசாமராஜ உடையார் பட்டமெய்தினார்.

1950இல் அண்ணல் அம்பேத்கரின் பேருழைப்பால் அமைந்த அரசியலமைப்பு, நியமன ஒதுக்கீட்டிற்கு உறுதியான இடம் தந்தது. மைசூர் ஆணையில் இல்லாதிருந்த ஒன்று, அதாவது ஒடுக்கப்பட்டோர்க்குத் தனிப்பட்டியலும் தனி அளவும், நாடெங்கும் கிடைத்தது. ஆனால் அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தவரையே பெரும்பாலும் அட்டவணைச் சாதியாராகக் கொண்டது. ஆகவே 1956இல் நாகபுரியில் அண்ணலின் பின்னே தம்மம் தழுவியவர்கள், சமயம் மாறியதால் இவ்வுரிமையை இழந்தனர். 34 ஆண்டுகள் கழித்து, 1990இல், பாராளுமன்றம் சட்டந்திருத்தி அட்டவணைச் சாதியிலிருந்து வந்த பௌத்தர்க்கும் அவ்வுரிமையை மீட்டளித்தது. இன்றும் நம் இளைஞருள் சிலர், பௌத்தர் என்று எழுதினால் உத்தியோகம் போய்விடும் என்று அஞ்சிப் பெற்றோரின் பழைய சமயத்தை விண்ணப்பத்தில் எழுதுகின்றனர். 1990க்குப் பின் அவ்வச்சத்திற்குக் காரணமில்லை.

பதவி உயர்வின் கதை நீளமானது. 1961இல் தென்னக இரயில்வே தொடர்பான ரங்காச்சாரி வழக்கில், பதவி உயர்விலும் ஒதுக்கீடு செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கர்நாடக அரசு 1978 ஏப்ரல் முதல் பதவி உயர்வில் அட்டவணைச் சாதியார்க்கு நூற்றுக்கு 15, அட்டவணைப் பழங்குடியார்க்கு 3 என ஒதுக்கிற்று. 1992இல் மண்டல் வழக்கில் நியமனத்தோடு ஒதுக்கீடு நிற்கவேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. 1995இல் 77ஆம் திருத்தம் அட்டவணைச் சாதி, பழங்குடியார்க்கு அதனை மீட்டது. 2001இல் 85ஆம் திருத்தம் பணிமூப்பையும் காத்தது.

பணிமூப்பு என்பதை எளிதாக விளக்குவோம். ஓர் அலுவலகத்தில் இத்தனையாவது இடம் இவ்வகுப்பார்க்கு என்று ஒரு சுழற்சிப் பதிவேடு இருக்கும். தமிழகத்தில் இதனை இனச்சுழற்சி என்பர். அதன்படி நம்மவர் ஒருவர் சிரஸ்தார் பதவிக்கு முதலில் உயர்கின்றார். இரண்டாண்டு கழித்து, குமாஸ்தா நிலையில் அவருக்கு மூத்திருந்த வேறொருவர் சிரஸ்தாராகின்றார். இப்பொழுது இருவருள் மூத்தவர் யார்? முதலில் உயர்ந்தவரே மூத்தவர் என்பது 85ஆம் திருத்தம். பின்வந்தவர் தம் பழைய மூப்பைத் திரும்பப் பெறுவார் என்பது அதற்கு முன்னிருந்த தீர்ப்பு. உபாலிக்கும் சாக்கிய குமாரர்க்கும் இடையே பகவன் தீர்த்த கேள்வியும் இதுவே அன்றோ!

2006இல் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்களை ஏற்று, போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கு அரசு கணக்கெடுத்துக் காட்டவேண்டும் என்று விதித்தது. கணக்கில்லை என்ற காரணத்தால் கர்நாடகத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிமூப்புச் சட்டம் 2017 பிப்ரவரியில் பவித்ரா வழக்கில் வீழ்ந்தது. உயர்ந்த பதவியிலிருந்த பலர் கீழிறக்கப்படும் நிலை வந்தது. அரசு ரத்னபிரபா கமிட்டியைக் கொண்டு கணக்கெடுத்து, 2018இல் புதுச்சட்டம் இயற்றிற்று. 2019 மே 10ஆம் நாள் அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் கூறியது. சமூகத்தின் எல்லாப் பகுதியாரும் இடம்பெற்ற நிர்வாகமே திறமையுள்ள நிர்வாகம் என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் காணப்படுகிறது. 1918இல் திவானுக்கும் மன்னருக்கும் இடையே எழுந்த வாதத்திற்கு நூறாண்டு சென்று கிடைத்த விடை எனலாம்.

நாம் செய்யத்தக்கது

மைசூர் நாட்டின் சித்திரதுர்க்கம் ஜில்லாவில், பிரம்மகிரியில், அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டு உண்டு. மைசூர்த் தொல்பொருள் அதிகாரி ரைஸ் அதனை 1892இல் கண்டெடுத்தார். சுவர்ணகிரியிலிருந்த அதிகாரிகள் இசிலையிலிருந்த அதிகாரிகளுக்கு எழுதியனுப்பிய சாசனம் அது. முயற்சியால் அடையும் பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று, சிறியோர்க்கும் உரியது என்பது அதில் கண்ட கருத்து. அரசு அதிகாரிகளை நோக்கிச் சொல்லப்பட்ட அவ்வறம், இருபத்திரண்டு நூற்றாண்டு சென்று, அதே நாட்டில் உத்தியோக ஆணையாக உருக்கொண்டது.

அன்பர்களே! மில்லர் கமிட்டி தோன்றியதற்கு ஒரு மனு காரணம். அம்மனுவை எழுத ஒரு சங்கம் கூடிற்று. 2017இல் சட்டம் வீழ்ந்ததற்குக் கணக்கில்லாமை காரணம். இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளுங்கள். உத்தியோகத்திலுள்ள நம் சகோதர சகோதரிகள் தம் அலுவலகத்துச் சுழற்சிப் பதிவேட்டையும் பணிமூப்புப் பட்டியலையும் ஆண்டுதோறும் பார்த்தறிதல் வேண்டும். பிழை காணின் உரிய காலத்தில் மறுப்பு எழுதித் தருதல் வேண்டும். தமிழகத்திலிருந்து அண்மையில் குடிபெயர்ந்தோர், ஒரு மாநிலத்துச் சாதிச் சான்றால் மற்றொரு மாநிலத்தில் ஒதுக்கீடு கோர இயலாது என்பதை அறிந்து, தம் பிள்ளைகளின் விண்ணப்பத்திற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுதல் நலம். பதவியில் உயர்ந்தோர் தமக்குக் கீழே துடைப்பம் பிடித்து நிற்பவரின் பிள்ளை எந்த வகுப்பில் கற்கிறது என்று கேட்டறிதலும் கடமையாகும். மைசூர் ஆணையில் நம்மவரைக் கடைசியில் நிறுத்திய பெரிய வகுப்பார் செய்த தவற்றை, நம்மிலும் எளியாரிடத்து நாம் செய்தலாகாது.

மைசூர் நகரின் நடுவே, அரண்மனைக்கு அருகில், கிருஷ்ணராஜ வட்டத்தில் மண்டபத்தின் கீழ் அம்மன்னரின் வெண்சிலை நிற்கின்றது. நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் செல்லும் நம் பிள்ளைகள் பலர். ஒருநாள் அங்கே சிறிது நின்று, தம்மை உள்ளே விட்டவரை நினைந்து, இன்னும் ஏற வேண்டிய படிகளையும் எண்ணிச் செல்வார்களாக.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.